குவைத்தில் கிடைத்த 13 வாக்குகள்

ஆட்டம் கேட்ட நகரங்கள் – பகுதி 9

சென்ற பகுதியை ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் நிறுத்தியிருந்தோம். 2003 நவம்பரில் அங்கே கூடிய காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பு 2010ஆம் ஆண்டுப் போட்டியைத் தில்லிக்குக் கொடுத்தது. தில்லிக்கு 46 வாக்கு, எதிர்த்து நின்ற கனடாவின் ஹாமில்டனுக்கு 22. அதற்கு முன் 1990 போட்டியை ஆக்லாந்திடம் ஒரே ஒரு வாக்கில் பறிகொடுத்த நகரம் தில்லி. 1994 போட்டியைக் கேட்டபோதும் விக்டோரியாவிடம் தோற்றது. இருபது ஆண்டு ஆசை நிறைவேறியதற்குக் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், மன்றத்தில் எடுபட்ட காரணம் ஒன்றுதான். உறுப்பு நாடுகள் 72க்கும் பயிற்சிச் செலவுக்காகத் தலைக்கு 1 லட்சம் டாலர் தருவோம், விமானச் செலவும் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் எங்களுடையது என்று தில்லி வாக்குக் கொடுத்திருந்தது.

மூன்றரை ஆண்டு கழித்து அதே உத்தி தில்லியின் மேலேயே திரும்பியது. இடம் குவைத், நாள் 2007 ஏப்ரல் 17. 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியை எந்த நகரத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் பொதுக்குழு கூடியது. களத்தில் இரண்டே நகரங்கள்: தில்லியும் தென்கொரியாவின் இஞ்சியோனும்.

இந்த மன்றத்தில் வாக்கு எப்படி விழும் என்பதை வாசகர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசியாவில் அப்போது 45 தேசிய ஒலிம்பிக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. அன்று 130 கோடி மக்கள் இருந்த சீனாவுக்கும் ஒரு வாக்கு, சில லட்சம் பேர் வாழும் மாலத்தீவுக்கும் ஒரு வாக்கு. பதக்கப் பட்டியலில் முதல் பத்து இடங்களில் வருகிற நாடுகள் பத்துத்தான். மிச்சமுள்ள 35 நாடுகளின் கவலை வேறு. நாற்பது வீரர்களை எப்படி அனுப்புவது, விமானச் சீட்டுக்கு யார் பணம் தருவது, ஊரில் நல்ல பயிற்சியாளர் ஒருவரை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் அவர்கள் கவலை. போட்டி கேட்கும் நகரம் தன் அரங்கங்களின் படத்தைக் காட்டும்போது அவர்கள் மரியாதைக்காகப் பார்ப்பார்கள். பயணச் செலவைப் பற்றிப் பேச்சு வரும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழை நாட்டின் விளையாட்டுச் சங்கத்துக்கு அந்த ஒரு வாக்குதான் கையிலிருக்கும் சொத்து.

இஞ்சியோன் இதைச் சரியாகப் புரிந்துகொண்டு வந்திருந்தது. வீரர்களின் பயணமும் தங்குமிடமும் இலவசம். அதற்கு மேல், விளையாட்டில் பின்தங்கிய நாடுகளின் பயிற்சிக்கென 2 கோடி டாலர் திட்டம் ஒன்றையும் அறிவித்தது. தில்லி 2003இல் கொடுப்பதாகச் சொன்ன மொத்தப் பயிற்சித் தொகை 72 லட்சம் டாலர்தான். எண்ணி முடித்தபோது இஞ்சியோனுக்கு 32, தில்லிக்கு 13.

ஏற்கெனவே சியோலும் (1986) பூசானும் (2002) நடத்திவிட்ட நாட்டுக்கே மூன்றாம் முறையும் போட்டி போனது. தில்லி வென்றிருந்தால் அதற்கும் 1951, 1982க்குப் பிறகு மூன்றாம் முறையாக இருந்திருக்கும். கொரியர்களுக்கும் இந்த வெற்றி முழு மகிழ்ச்சியாக அமையவில்லை. அதே 2014க்கான குளிர்கால ஒலிம்பிக்கைக் கேட்டுக்கொண்டிருந்த அவர்களுடைய பியோங்சாங் நகரம், மூன்று மாதத்துக்குள் ரஷ்யாவின் சோச்சியிடம் 47க்கு 51 என்று தோற்றது.

தில்லி தோற்றதற்கு டாலர் மட்டும் காரணமில்லை என்று அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக இருந்த சுரேஷ் கல்மாடி தரப்பு சொன்னது. அவர்கள் விரல் நீட்டிய ஆள் நம்மூர்க்காரர். அன்றைய மயிலாடுதுறை நாடாளுமன்ற உறுப்பினர் மணிசங்கர் ஐயர். 2006 தொடக்கத்திலிருந்து மத்திய விளையாட்டு அமைச்சர். கூடவே பஞ்சாயத்து ராஜ் துறையும் அவரிடம் இருந்தது.

தன் நாட்டின் தலைநகரம் ஒரு பெரிய போட்டியைக் கேட்கும்போது அந்நாட்டு விளையாட்டு அமைச்சரே வேண்டாம் என்று சொன்னது இந்திய விளையாட்டு வரலாற்றில் வேறெப்போதும் நடந்ததாக நான் படித்ததில்லை. ஐயர் அதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. அரசுக்குள்ளும் சொன்னார், வெளியிலும் சொன்னார். தில்லியில் இன்னொரு அரங்கம் கட்டுவதால் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட இடம் கிடைக்கப் போவதில்லை, அந்தப் பணத்தை ஊர் ஊராக மைதானம் அமைக்கச் செலவிடலாம் என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பு சொன்னதும் அற்பமானதல்ல: 2010க்காக எப்படியும் அரங்கங்கள் எழும்பத்தான் போகின்றன, அவற்றிலேயே 2014ஐயும் நடத்திவிடலாம். கடைசியில் அரசு தில்லியின் கோரிக்கைக்குப் பின்னால் நின்றது. ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருமனதில்லை என்பது குவைத்தில் கூடியிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தோல்விக்குப் பின் ஐயரைத் தேசத் துரோகி அளவுக்குப் பேசியவர்களும் உண்டு. 2008 ஏப்ரலில் விளையாட்டுத் துறை அவரிடமிருந்து போனது, எம்.எஸ். கில் வந்தார். ஐயரின் வாதம் சரியா தவறா என்று நிதானமாக எடை போட அப்போது யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இப்போது போடலாம். எண்கள் கைக்கு வந்துவிட்டன.

அவர் துறையிலிருந்தபோது உருவெடுத்து 2008-09இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின் பெயர் பைக்கா. பஞ்சாயத்து இளைஞர் விளையாட்டுத் திட்டம் என்று சொல்லலாம். நாட்டிலுள்ள ஏறக்குறைய 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளிலும், அவற்றுக்கு மேலுள்ள ஒன்றியங்களிலும், பத்து ஆண்டுக்குள் படிப்படியாக விளையாட்டுத் திடல் அமைப்பது நோக்கம். ஒரு கிராம ஊராட்சிக்குத் தொடக்க மானியம் 1 லட்சம் ரூபாய். ஒன்றியத்துக்கு 5 லட்சம். திடலைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைக்க ஊரிலேயே ஒருவர். அவருக்கு மாதம் 500 ரூபாய் மதிப்பூதியம்.

கணக்குப் போடுங்கள். 2.5 லட்சம் ஊராட்சிக்குத் தலா 1 லட்சம் என்றால் 2,500 கோடி. இந்தியாவின் ஒரு கிராம ஊராட்சியும் விடுபடாமல் திடலுக்குத் தொடக்கப் பணம் கொடுக்க அவ்வளவுதான் தேவை. 2010 காமன்வெல்த் போட்டிக்கு எவ்வளவு ஆயிற்று? 2003இல் சொல்லப்பட்ட மதிப்பீடு 1,200 கோடி. போட்டி முடிந்தபின் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் அது 18,532 கோடி. பாலம், சாலை, விமான நிலையம் என்று நகரத்துக்குப் பயன்படும் செலவும் இதில் அடங்கும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அப்படியும், பதினோரு நாள் போட்டிக்காக ஒரே நகரத்தில் இறக்கிய தொகை, நாட்டின் அத்தனை கிராமத்துக்கும் ஒதுக்க வேண்டிய தொகையைப் போல ஏழு மடங்குக்கும் மேல்.

இந்தத் தொடரை நான் எழுதுவது எருமப்பட்டியிலிருந்து. நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கும் பேரூர். சுற்றிலும் எருமப்பட்டி ஒன்றியத்து ஊராட்சிகள். இந்தப் பக்கத்தில் கபடி ஆடாத ஊர் கிடையாது. கடலை பிடுங்கிய காட்டிலும், வெங்காயம் எடுத்துவிட்டு அடுத்த உழவுக்குக் காத்திருக்கும் காட்டிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுவார்கள். பொங்கல் வந்தால் குழல்விளக்கு கட்டி விடிய விடியப் போட்டி நடக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கொடுக்கும் ஆள் பெயர் எல்லாம் போட்டு பிளக்ஸ் வைப்பார்கள். ஆனால் அந்தக் காடு ஒருவருடைய பட்டா நிலம். மழை பெய்து அவர் ஏர் பூட்டிவிட்டால் அடுத்த அறுவடை வரை ஆட இடமில்லை. பையன்களின் ஆட்டக் காலத்தைக் காட்டுக்காரரின் வெள்ளாமைதான் முடிவு செய்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்த இடமும் இல்லை. பள்ளி மைதானத்தை விட்டால் அவர்கள் ஓடுவதற்கு வேறு வழி கிடையாது.

ஐயரின் வாதத்தைத் தில்லிப் பத்திரிகைகள் பொருட்படுத்தாமல் தள்ளியதை நினைத்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர் பேசியது எங்கள் பிள்ளைகளைப் பற்றி.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இது வரலாறாகாது. போட்டி நடத்தும் ஊருக்கு வேறொரு லாபமும் உண்டு: தன் ஆட்டத்தை உலகத்துக்குக் காட்டலாம். 1982இல் தில்லி ஆசிய விளையாட்டை நடத்தியபோது கபடி காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. எட்டு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில் அது பதக்க ஆட்டமானது. நம் கிராமத்துச் சடுகுடு ஆசிய மேடை ஏறியதில் தில்லி கேட்டுப் பெற்ற அந்தப் போட்டிக்குப் பங்குண்டு. 1995 டிசம்பரில் சென்னை தெற்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்தியதால் வேளச்சேரியில் நீச்சல் வளாகம் வந்தது. இன்றும் பிள்ளைகள் அங்கே நீந்துகிறார்கள். இவற்றை மறுப்பவனல்ல நான்.

ஆனால் அதே 1982க்கு இன்னொரு பதிவும் உண்டு. அரங்கங்கள் கட்ட ராஜஸ்தான், ஒரிசா, உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலங்களிலிருந்து கூலியாட்கள் கூட்டிவரப்பட்டார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்து வந்த ஜமேதார் எடுத்துக்கொள்ள, கையில் வந்தது 8 ரூபாய் 25 காசு. மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் இதை உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதமாக எழுதியது. கடிதத்தையே மனுவாக ஏற்று நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு 1982 செப்டம்பர் 18 அன்று தீர்ப்புச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் அரசியல் சாசனம் தடை செய்த கட்டாய உழைப்பே. போட்டி தொடங்க இரண்டு மாதம் இருந்தபோது வந்த தீர்ப்பு. இந்தியத் தொழிலாளர் உரிமைச் சட்டத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு அது. ஒரு ரூபாய்க்காகப் பிறந்த தீர்ப்பு என்பதை மறக்கக் கூடாது.

1982 பணிகளை முன்னின்று பார்த்தவர்களில் ஒருவர் ராஜீவ் காந்தி. பின்னாளில் பிரதமரான ராஜீவின் அலுவலகத்தில் பணியாற்றி, பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் என்ற எண்ணத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் பேசியவர் மணிசங்கர் ஐயர். ஒரே தலைவரிடமிருந்து ஒரு கூட்டம் ஆசிய விளையாட்டு அரங்கத்தைக் கற்றுக்கொண்டது. மயிலாடுதுறை உறுப்பினர் ஊராட்சி மன்றத்தைக் கற்றுக்கொண்டார். 2007இல் மோதியவை இந்த இரண்டும்தான்.

தில்லி குவைத்தில் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2010 போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், செப்டம்பர் 21 அன்று நேரு அரங்கத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து 27 தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். வீரர்கள் குடியிருப்பின் அழுக்குப் படங்கள் உலகமெங்கும் போயின. போட்டி நடந்தது, 38 தங்கம் உட்பட 101 பதக்கம் வாங்கி இந்தியா இரண்டாம் இடத்தில் நின்றது. வீரர்கள் தங்கள் பங்கைக் குறைவில்லாமல் செய்தார்கள். 2011 ஏப்ரலில் கல்மாடி கைதானார். அவர்மீதான பணமோசடி வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையைத் தில்லி நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டது என்பதையும் பதிவு செய்கிறேன்.

இதற்கு நடுவே 2012 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்திய ஒலிம்பிக் சங்கத்தையே தள்ளி வைத்தது. 2014 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது. அதற்குச் சற்று முன் நடந்த சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடிக்குப் பின்னால் நடந்தார்கள். ஆசிய விளையாட்டு 2014 செப்டம்பரில். தில்லிக்குக் கிடைத்திருந்தால், போட்டி நடத்த வேண்டிய சங்கம் ஏற்பாட்டுக் காலத்தின் முக்கியமான பதினான்கு மாதம் அங்கீகாரம் இல்லாமல் கிடந்திருக்கும். குவைத்தில் தோற்றது இந்தியாவுக்கு நல்லதாயிற்று என்பது என் தீர்மானமான கருத்து.

வென்ற இஞ்சியோனும் சுகப்படவில்லை. 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டிய முன்ஹாக் அரங்கம் அங்கே இருந்தது. அதைச் செப்பனிட்டால் போதும் என்ற யோசனையைத் தள்ளிவிட்டுப் புதிதாக முதன்மை அரங்கம் கட்டினார்கள். கடன் அந்த மாநகர அரசியலின் பெரிய பேச்சானது. அடுத்த போட்டியைப் பெற்ற ஹனோய், செலவுக்கு அஞ்சி 2014 ஏப்ரலில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. வியட்நாம் அரசின் அந்த முடிவைத் துணிச்சலான முடிவு என்று நான் மதிக்கிறேன். அதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாக.

பைக்கா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை வளர்த்தெடுக்கத் தில்லியில் ஆள் இல்லாமல் போயிற்று. 2014இல் ராஜீவ் காந்தி கேல் அபியான் என்று பெயர் மாறியது. 2016இல் கேலோ இந்தியாவுக்குள் கரைந்தது. பத்து ஆண்டுக்குள் எல்லா ஊராட்சிக்கும் திடல் என்ற வாக்கு நிறைவேறவில்லை. தமிழ்நாட்டில் அதே காலத்தில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழும் ஊராட்சிகளில் விளையாட்டுத் திடல்கள் அமைந்தன. எங்கள் பக்கத்தில் அவற்றில் சிலவற்றில் இன்னும் வாலிபால் ஆடுகிறார்கள். சிலவற்றில் கம்பம் துருப்பிடித்து நிற்கிறது, சுற்றிலும் சீமைக் கருவேலம். திடல் போட்டுக் கொடுத்த அரசு, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் போடவில்லை. 2024இல் 33 வகைப் பொருள்கள் கொண்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிகளுக்கு வரத் தொடங்கியது. நல்ல காரியம். பந்தும் வலையும் வந்துவிட்டன. ஆட இடம் வேண்டும்.

நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளையிடம் திறமை இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அப்படிக் கண்டுகொண்டதில் எந்த மாநகரத்தின் எந்த அரங்கத்துக்கும் பங்கில்லை. ஒரு பள்ளி மைதானமும், கண்ணுள்ள ஓர் ஆசிரியரும் போதுமானதாக இருந்தன. இந்த இரண்டையும் எல்லா ஊருக்கும் கொடுப்பதற்கு எந்த மன்றத்திலும் வாக்கெடுப்பு தேவையில்லை.

இப்போது காலம் மறுபடி சுழன்று வந்திருக்கிறது. 2024 அக்டோபரில், 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா எழுத்துமூலம் தெரிவித்தது. 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பு 2030 போட்டியை அகமதாபாத்துக்குக் கொடுத்தது. நடக்கட்டும், நம் வீரர்கள் நம் மக்கள் முன்னால் ஓடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் 2007இல் ஒரு அமைச்சர் எழுப்பிய கேள்வியை இந்த முறை யாரும் எழுப்பக் காணோம்.

ஆகவே அந்தக் கேள்வியை நாமே கேட்போம். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் என்று கிராம சபை கூடுகிறது. அடுத்து கூடும் சபைக்குப் போங்கள். உங்கள் ஊராட்சிப் பதிவேட்டில் விளையாட்டுத் திடல் என்று எத்தனை சென்ட் இருக்கிறது, அது எந்தச் சர்வே எண், இன்று யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதன் நகலை எனக்கும் அனுப்பினால் இந்தத் தொடரின் கடைசிப் பகுதியில் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறேன்.

(தொடரும்)